நீளத்தை மாற்றினால் அறைகள் தானாக விரிய வேண்டுமா? கேட் (CAD) வரைதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பெட்டி, உள்ளே ஐந்து அறைகள். நீளத்தை 300 மிமீயிலிருந்து 420 ஆக்கினால் அறைகளும் கூடவே விரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஆனால் ஃபியூஷன், ஃப்ரீகேட், சாலிட்வொர்க்ஸ் என்று எந்த கேட் (கணினியில் வடிவமைக்கும்) மென்பொருளில் வரைந்தாலும், நீளத்தை முதன்முதலாக மாற்றிப் பார்க்கும்போது கடைசித் தடுப்பு சுவருக்குள் புதைந்துபோகும், இல்லையென்றால் பாதி ஃபீச்சர்கள் (வெட்டு, வளைவு போன்ற வரைதல் படிகள்) எரர் காட்டும். மென்பொருளைத் திட்ட வேண்டாம், பெரும்பாலும் நாம் கொடுத்த கணக்கில்தான் கோளாறு இருக்கும்.

முதல் தவறு, மொத்த நீளத்தை அறைகளின் எண்ணிக்கையால் அப்படியே வகுப்பது. 300-ஐ 5-ஆல் வகுத்தால் 60, அதனால் 60 மிமீக்கு ஒரு தடுப்பு என்று நடுக்கோட்டை வைத்து அடுக்கிவிடுவார்கள். வெளிச்சுவர் 3 மிமீ, தடுப்பு 2 மிமீ என்றால் நடு அறைகள் 58 வரும், ஓர அறைகள் இரண்டும் 56-தான் வரும். திரையில் இது கண்ணுக்கே தெரியாது, பொருளை உள்ளே வைக்கும்போதுதான் தெரியும். சரியான வழி, பிளாஸ்டிக்கோ மரமோ எடுத்துக்கொள்ளும் இடத்தை முதலில் கழித்துவிடுவது: 300-லிருந்து இரண்டு சுவருக்கு 6 போனால் 294, நான்கு தடுப்புக்கு 8 போனால் 286, அதை 5-ஆல் வகுத்தால் 57.2. ஐந்து அறைக்கு நான்கு தடுப்புதான் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஃபார்முலா எழுதும்போது கை தானாக ஐந்து என்று போட்டுவிடும். நிரல் எழுதி வடிவம் உருவாக்கும் ஓப்பன்எஸ்கேடில் ஃபார் லூப்பை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) 0 முதல் 5 வரை ஓட்டினால் ஆறு முறை ஓடும், கடைசி எண்ணும் அதில் சேர்த்தி. அங்கேயும் இதே வழுக்கல்தான்.

அடுத்தது பேட்டர்ன், அதாவது ஒரு வடிவத்தைச் சம தூரத்தில் வரிசையாக நகலெடுக்கும் கட்டளை. அறைக்கும் அறைக்கும் உள்ள தூரமாக 57.2-ஐக் கொடுக்கக் கூடாது, அறை அகலத்தோடு ஒரு தடுப்பைக் கூட்டி 59.2 கொடுக்க வேண்டும். ஃபியூஷனில் எக்ஸ்டென்ட், ஸ்பேசிங் என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. எக்ஸ்டென்டில் நீங்கள் கொடுப்பது முதலிலிருந்து கடைசி வரையுள்ள மொத்தத் தூரம், ஸ்பேசிங்கில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம். இந்த வேலைக்கு ஸ்பேசிங்தான் வசதி.

இன்னொன்று, இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்: தடுப்புகளை வரைந்து பேட்டர்ன் போடாதீர்கள், குழிகளை வெட்டிப் பேட்டர்ன் போடுங்கள். தடுப்புகளை எழுப்பினால், அறை எண்ணிக்கையை 1 ஆக்கும்போது தேவைப்படும் தடுப்பு பூஜ்ஜியம், ஆனால் நீங்கள் வரைந்த முதல் தடுப்பு அங்கேயே நிற்கும், அதை அணைக்கத் தனியாக ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும். திடமான கட்டையாக ஆரம்பித்து ஒரு அறையை வெட்டி அதைப் பேட்டர்ன் செய்தால் இந்தத் தலைவலியே கிடையாது, ஒரு அறை என்பது எப்போதும் இருக்கத்தானே போகிறது. எண்ணிக்கையிலும் ஒன்றைக் கழிக்க வேண்டாம், ஐந்து அறைக்கு ஐந்து என்றே போடலாம், ஏனென்றால் மூலத்தையும் சேர்த்துத்தான் பேட்டர்ன் எண்ணும்.

சரி, எண்ணிக்கையும் தானாக மாற வேண்டும் என்றால்? 'அறை 45 மிமீக்குக் குறையக் கூடாது, எத்தனை பிடிக்குமோ அத்தனை போடு' என்பதுதான் பலருக்கும் உண்மையில் வேண்டியது. இங்கே உள்நீளத்தை (இரண்டு வெளிச்சுவரும் போக மிஞ்சும் நீளம்) 47-ஆல் (45-உம் ஒரு தடுப்பும்) வகுத்து, ஃப்ளோர் போட்டுக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் போதும் என்று தோன்றும். உள்நீளம் 281 என்று வைத்துப் பாருங்கள், 5.98 வரும், ஐந்து அறை என்று சொல்லும். ஆனால் ஆறு அறையும் ஐந்து தடுப்பும் சேர்ந்து 280-தான், தாராளமாகப் பிடிக்கும். கடைசி அறைக்குப் பிறகு தடுப்பு கிடையாதே, அதனால் வகுப்பதற்கு முன்பு உள்நீளத்தோடு ஒரு தடுப்பின் தடிமனைக் கூட்ட வேண்டும்: 283-ஐ 47-ஆல் வகுத்தால் 6.02, ஆறு. உள்நீளம் சரியாக 280 என்றால் விடை துல்லியமாக 6, அந்த மாதிரி விளிம்பில் கணினியின் தசமக் கணக்கு சில சமயம் 5.9999 என்று நின்று ஐந்தாக இறங்கிவிடும், அதற்காக 0.001 மிமீ கூட்டி வைப்பது நல்லது. சாலிட்வொர்க்ஸ் சமன்பாட்டில் இதே வேலைக்கு இன்ட் இருக்கிறது. எண்ணிக்கைக்கான பாராமீட்டரை (பெயர் வைத்து மாற்றக்கூடிய மதிப்பு) மிமீயில் உருவாக்காமல் அலகு இல்லாததாக உருவாக்குங்கள், இல்லையென்றால் பேட்டர்ன் அதை ஏற்காமல் அடம்பிடிக்கும்.

அறைகள் சமமில்லாமல் வேண்டுமென்றால் எல்லா அகலத்துக்கும் டைமென்ஷன் கொடுத்துவிடாதீர்கள். மொத்த நீளத்தையும் கட்டி, ஒவ்வொரு அறையையும் கட்டினால் ஸ்கெட்ச் (அடிப்படைக் கோட்டுப்படம்) ஓவர்-கன்ஸ்ட்ரெயின் ஆகும், அதாவது தேவைக்கு மேல் அளவுகள் கட்டப்பட்டுவிடும். ஒன்றையாவது மிச்சத்தை வாங்கிக்கொள்ளும் அறையாக விட வேண்டும்.

மூலையை வளைவாக்கும் ஃபில்லட் தனிக் கதை. 57 மிமீ அறையில் 10 மிமீ வளைவு அழகாக இருக்கும், அறை 18 ஆகச் சுருங்கினால் இரு பக்க வளைவும் ஒன்றோடொன்று மோதி ஃபீச்சர் உடையும். ஆரத்தை நேரடி எண்ணாகக் கொடுக்காமல், விரும்பும் ஆரம், அறை அகலத்தில் பாதியை விடச் சற்றுக் குறைவான அளவு, இந்த இரண்டில் எது சிறியதோ அதை எடுக்கும்படி மின் (min) சார்பை வைத்து எழுதலாம். ஃபியூஷனில் அதன் உள்ளீடுகளுக்கு நடுவே அரைப்புள்ளி வரும், காற்புள்ளி போட்டுவிட்டு ஏன் சிவப்பாகிறது என்று தேடாதீர்கள்.

ஸ்கெட்ச்சை எதன் மேல் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். ஏற்கெனவே வெட்டிய அறையின் எட்ஜைப் பிடித்து அடுத்ததை வரைந்தால், எண்ணிக்கை மாறும்போது அந்த எட்ஜே காணாமல் போகலாம். ஃப்ரீகேடில் இது டோப்பாலஜிகல் நேமிங் பிரச்சினை என்று பல வருடம் பெயர்போனது, 2024-இல் வந்த 1.0 பதிப்பில் நிறையவே குறைந்தது, ஆனாலும் ஒரிஜின் தளங்களை (மாடல் மாறினாலும் நகராத அடிப்படைத் தளங்கள்) பிடித்து வரைவதே எப்போதும் பாதுகாப்பு.

ஓப்பன்எஸ்கேடில் குழி வெட்டுகிறவர்கள் வெட்டும் கட்டையைப் பெட்டியின் மேல்மட்டத்தோடு சரியாக நிறுத்தாமல் 0.01 மிமீயாவது வெளியே நீட்டிவிடுங்கள். இரண்டு தளமும் ஒரே இடத்தில் இருந்தால் முன்னோட்டத்தில் மேற்பரப்பு மினுமினுக்கும், வெட்டு சரியாக விழுந்ததா இல்லையா என்றே தெரியாது.

கடைசியாகச் சோதனை. 300-ஐ 310 ஆக்கிப் பார்ப்பதெல்லாம் சோதனையே இல்லை. ஒரே ஒரு அறை, இருபது அறை, குறைந்தபட்ச அறை அகலத்தைவிடச் சிறிய பெட்டி என்று மூன்றையும் போட்டுப் பாருங்கள். மூன்றாவதில் எண்ணிக்கை 0 ஆகி, அந்த 0-ஆல் வகுக்கப் போய் மொத்த மாடலும் விழும், மேக்ஸ் (max, இரண்டில் பெரியதை எடுக்கும் சார்பு) போட்டு எண்ணிக்கையை 1-க்குக் கீழே இறங்காமல் பிடித்துவைத்தால் போதும்.