ஆங்கிலச் சொல் சேர்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

நோட்டின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள், நாளுக்குப் பத்து. பள்ளி நாட்களில் நானும் இப்படித்தான் சேர்த்தேன். நோட்டு நிறைந்தது, வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம் வரவில்லை.

அந்தக் கோடுதான் முதல் தவறு. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று அது நம்பவைத்துவிடுகிறது. சாப்பிடு என்றால் 'ஈட்' என்று எழுதி வைத்தவர், மாத்திரை சாப்பிட்டதற்கும் அதையே போடுவார். ஆங்கிலத்தில் மாத்திரைக்கு உரிய வினை 'டேக்'. நாம் கனவு காண்கிறோம். அங்கே கனவுக்கு 'சீ' பொருந்தாது, 'ஹேவ்' வேண்டும். பலத்த மழை 'ஹெவி'. தேநீரில் தூள் தூக்கலாக இருந்தால் 'ஸ்ட்ராங்'. இரண்டையும் மாற்றிப் போட்டால் காதில் இடிக்கும். தவறு செய்தேன் என்பதற்கு 'டூ' போடுவதே தவறு, அங்கே 'மேக்'.

ஏன் இப்படி என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடையாது. தமிழில் மட்டும் என்னவாம்? பூவைப் பறிக்கிறோம், கீரையைக் கிள்ளுகிறோம், நெல்லை அறுக்கிறோம், வாழைத்தாரை வெட்டுகிறோம். நெல்லைக் கிள்ளினேன் என்று ஒருவர் சொன்னால் பொருள் புரியும், சிரிப்பும் வரும். இந்தச் சேர்க்கைகளை நாம் யாரும் மனப்பாடம் செய்யவில்லை. இரண்டு சொல்லையும் சேர்த்தே கேட்டுப் பழகினோம். நோட்டிலும் அப்படியே எழுத வேண்டும். 'ரெயின்' என்று தனியாக வேண்டாம், 'ஹெவி ரெயின்' என்று ஜோடியாக.

இதைவிடப் பெரிய பள்ளம், தெரிந்ததாக நினைக்கும் சொற்களில் இருக்கிறது. அகராதியைப் புரட்டவே தோன்றாது என்பதால் திருத்தவும் வழியில்லை. நமக்கு ஹோட்டல் என்றால் இட்லி. இங்கிலாந்துக்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது படுக்கையறை. கல்லூரிப் படிப்பை முடித்ததற்கு நாம் 'பாஸ்டு அவுட்' என்கிறோம். அமெரிக்கரிடம் சொன்னால், எங்கே மயங்கி விழுந்தீர்கள் என்று கேட்பார். இந்தியாவுக்குள் இவை பிழையல்ல என்பது என் கட்சி. எதிரே நிற்பவர் யார் என்று பார்த்துப் பேசினால் போதும்.

சிலருக்கு எளிய சொல் என்றாலே இளக்காரம். ஒத்த பொருள் தரும் சொற்களில் நீளமானதைத் தேடிப் பிடித்துச் செருகுவார்கள். சிக்கனமும் கஞ்சத்தனமும் ஒன்றா? 'ஸ்லிம்' என்றால் பாராட்டு. 'ஸ்கின்னி' என்றால் பல நேரம் எலும்பும் தோலுமாக இருக்கிறாய் என்று சொல்வதாகிவிடும். மைக்கேல் வெஸ்ட் வங்கத்தில், டாக்காவில், ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்தவர். அவர் 1953-இல் வெளியிட்ட பட்டியலில் இருப்பவை சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள்தாம். சாதாரண ஆங்கில எழுத்தில் வரும் சொற்களில் ஏறக்குறைய 80 சதவீதம் அவற்றுக்குள் அடங்கிவிடுகிறது. அவை கைவசம் இல்லாமல் அரிய சொற்களை அடுக்குவது, சுவர் எழுப்பாமல் கோபுரத்துக்கு வர்ணம் பூசுகிற வேலை.

ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றை மட்டும் நம்புவதும் சரிவராது. ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது, பிறமொழி மாணவர்களுக்காகவே ஓர் அகராதி தொகுத்தார். 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. பொருளோடு பயன்பாட்டையும் சொல்வது அவ்வகை அகராதிகளின் சிறப்பு. 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' இரண்டுக்கும் பன்மை விகுதி சேராது என்பதும், 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபவுட்' வராது என்பதும் அதில் தெரிந்துவிடும். செல்பேசிச் செயலிகளில் ஒலிப்பும் கேட்கலாம். குழாய் பழுதுபார்ப்பவரை நாம் பிளம்பர் என்கிறோம். ஆங்கிலத்தில் அதன் நடுவே வரும் 'b' எழுத்துக்கு ஒலியே இல்லை.

கடைசியாக மறதி. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில்தான் இழப்பு அதிகம். பிறகு வேகம் குறைகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஐம்பது சொல் படிப்பது வீண் உழைப்பு. ஐந்து போதும், மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. அப்போதும் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள். மூடிவைத்துவிட்டு, அன்று நடந்த ஏதாவது ஒன்றை அந்தச் சொல்லை வைத்துச் சொல்லிப் பாருங்கள். வரவில்லையென்றால் மட்டும் நோட்டைத் திறக்கலாம்.