முயலுக்கு வீட்டிலேயே நகம் வெட்டுவது எப்படி?

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நல்ல வண்டல் மண். முதல் வருடம் முழுக்க எங்கள் முயல் மிளகு அங்கேதான் கிடந்தது, வாழை மரத்தடியில் குழி தோண்டிக்கொண்டு. நகத்தைப் பற்றி யாரும் நினைத்தே பார்க்கவில்லை. தோண்டுகிற முயலுக்கு நகம் தானாகத் தேய்ந்துவிடும். ஐப்பசி மழையில் கொல்லை சேறானதும் மிளகைக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். மொசைக் தரை. இரண்டு மாதம் போனது. ஒரு ராத்திரி ‘டிக் டிக்’ என்று ஏதோ சத்தம். பல்லி என்று நினைத்துக்கொண்டு நான் சுவரைப் பார்க்கிறேன். அத்தை தரையைப் பார்த்தார். “பல்லி இல்லம்மா, மிளகு நடக்குது பாரு.”

தரையில் நகம் தட்டும் சத்தம் கேட்டாலோ, பாதத்து முடியைத் தாண்டி நகம் நீட்டிக்கொண்டு தெரிந்தாலோ வெட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. வீட்டுக்குள் வளரும் முயலுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. நாய், பூனைக்கு இருப்பதுபோல முயலுக்கு உள்ளங்காலில் மெத்தை கிடையாது, வெறும் முடிதான். நகம் நீண்டால் விரல் தூக்கிக்கொள்ளும், பாரமெல்லாம் குதிகாலில் இறங்கும், அங்கே முடி உதிர்ந்து புண்ணாகும். சாக்கிலோ பாயிலோ நகம் மாட்டிப் பிய்ந்து வருவதும் உண்டு.

முதலில் எண்ணிக்கை. முன்னங்கால் ஒவ்வொன்றிலும் 5, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் 4, ஆக 18 நகம். முன்னங்காலின் ஐந்தாவது நகம், நம் கட்டைவிரல் மாதிரி, உள்பக்கம் கொஞ்சம் மேலே முடிக்குள் ஒளிந்திருக்கும். தரையில் படாததால் அது தேயவே தேயாது. புதிதாக வெட்டுகிறவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

எடுத்து வைக்க வேண்டியவை

பூனைக்கு வெட்டும் சின்னக் கத்தரி மாதிரியான நகவெட்டி. செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும். நாம் வெட்டிக்கொள்ளும் நெயில் கட்டர் வேண்டாம். முயலின் நகம் உருண்டையானது, அதில் நசுங்கிப் பிளந்துவிடும். தடிமனான தேங்காய்ப்பூத் துண்டு ஒன்று, கைபேசி டார்ச், கொஞ்சம் பஞ்சு, ஒரு மூடியில் கார்ன்ஃப்ளார் மாவு. அப்புறம் ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை. அது மிளகுக்கான கூலி.

முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை இறக்கும். சித்திரை வெயிலில் மத்தியானம் துண்டில் சுற்றினால் தாங்காது. விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் எந்நேரமும் சரி.

பிடிப்பது

வெட்டுவது ஒரு நொடி வேலை. கஷ்டமெல்லாம் பிடிப்பதில்தான், முதல் நாள் அதை மட்டும் பழகினால்கூடப் போதும்.

காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. சந்தையில் அப்படித் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள், மறந்துவிடுங்கள். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்புறத்துக்கு அடியில். பின்பாகம் தொங்கக் கூடாது. முயலின் எலும்புகள் அதன் உடல் எடையில் சுமார் 8 சதவீதம்தான். பின்னங்கால் சதையோ அசுர பலம். பிடி நழுவி வெறும் காற்றில் உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். அதனால் மேசை, கட்டில் வேண்டாம், தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள்.

மல்லாக்கப் போட்டால் முயல் அசையாமல் கிடக்கும், வெட்டுவது சுலபம் என்று சிலர் சொல்வார்கள். அது சுகத்தில் கிடப்பதில்லை, பயத்தில் உறைந்து கிடப்பது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

துண்டை விரித்து நடுவில் முயலை உட்காரவைத்து, இரண்டு ஓரத்தையும் முதுகுக்கு மேல் கொண்டுவந்து சுற்றுங்கள். தலை வெளியே இருக்கட்டும், மூச்சு விட இடம் இருக்கட்டும். அத்தை மடியில் வைத்து அணைத்துக்கொள்வார். நான் துண்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு காலாக வெளியே எடுப்பேன்.

வெட்டுவது

ஈர விரலால் முடியை ஒதுக்கினால் நகம் முழுசாகத் தெரியும். நகத்துக்குள் பாதித் தூரம் வரை ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகமென்றால் அது இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். மிளகுக்குக் கருப்பு நகம், ஒன்றும் தெரியாது. டார்ச்சை நகத்துக்குப் பின்னாலிருந்து அடித்தால் உள்ளே நிழல் மாதிரி ஒன்று தெரியும். அது முடிகிற இடத்திலிருந்து நுனிப் பக்கமாக 2, 3 மில்லிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். வெட்டுமுன் கத்தரியை லேசாக அழுத்திப் பாருங்கள். காலை வெடுக்கென்று இழுத்தால் ரொம்ப உள்ளே வந்துவிட்டீர்கள், கொஞ்சம் வெளியே நகருங்கள். சந்தேகமாக இருந்தால் நுனியை மட்டும் கிள்ளினால் போதும்.

பதினெட்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. நாங்கள் காலையில் முன்னங்கால், மறுநாள் பின்னங்கால் என்று பிரித்துக்கொள்கிறோம். நகம் ரொம்ப நீண்டுபோயிருந்தால் உள்ளே ரத்தக்குழாயும் கூடவே நீண்டிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டி வந்தால் அது மெல்லப் பின்வாங்கும்.

ரத்தம் வந்துவிட்டால்

மூன்றாவது தடவையே எனக்கு நடந்தது. டார்ச் அடிக்கச் சோம்பல்பட்டு ஒரு குத்துமதிப்பில் வெட்டினேன், ஒரு சொட்டு துண்டில் விழுந்தது. என் கை நடுங்கிவிட்டது. அத்தை எழுந்து காப்பித்தூள் டப்பாவை எடுக்கப் போனார். நமக்குக் கைவைத்தியம் சரி, முயல் காலை நக்கும், காஃபீன் வயிற்றுக்குள் போகும், அதற்கு ஆகாது. பஞ்சால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, நகத்தின் நுனியை மாவில் அமுக்கி, மறுபடி அழுத்தினேன். நின்றுவிட்டது. 10, 15 நிமிடம் ஆகியும் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

முடிந்ததும் இறக்கிவிட்டுத் தழையைக் கொடுங்கள். அன்றைக்கு அது தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று ஒரு கண் வையுங்கள். பயந்துபோன முயல் சில சமயம் தீனியை நிறுத்திவிடும், அரை நாளுக்கு மேல் அப்படி இருந்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். மிளகு அந்த ரகமில்லை. இறக்கிவிட்டதும் பின்னங்காலை எங்கள் பக்கம் ஒரு உதறு உதறிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு கொத்தமல்லியைத் தின்னும். அத்தை தினசரி காலண்டரில் 5 வாரம் தள்ளி ஒரு தாளின் முனையை மடித்துவைப்பார்.