குட்டிப் பூனையை வெளியே பழக்குவது: சேலம் மாடியிலும் ஏற்காடு எஸ்டேட்டிலும்

சேலம் டவுனில் பூனைக்கு ரோடு என்றால் மொட்டை மாடிதான். அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை மாதிரி வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் இடங்களில், ஒரு மாடியில் ஏறினால் தரையில் கால் வைக்காமலே தெரு முனைவரை போய்விடும். அதனால் வாசலில் நின்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒருநாள் காலையிலும் ஒருநாள் இரவு 9 மணிக்கும் மாடியேறிப் பாருங்கள். எந்தப் பக்கத்து மாடி தாவுகிற தூரத்தில் இருக்கிறது, எந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை, கடுவன் பூனை எந்த நேரத்தில் வருகிறது, யார் வீட்டில் புறாக்கூண்டு இருக்கிறது என்று கவனியுங்கள். புறா வளர்ப்பவர் இருந்தால் அவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். கூண்டுக்கு நல்ல வலை போட ஆகும் செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டாலும் தப்பில்லை.

ஓமலூர் மெயின் ரோட்டையோ பைபாஸையோ ஒட்டிய வீடென்றால் வெளியே விடவே வேண்டாம். வலை அடித்த மாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதை எப்படிச் செய்வது என்று கீழே இருக்கிறது.

எந்த வயதில்

ஆறு மாதத்துக்கு முன்னால் தனியாக விடக்கூடாது. அதற்குள் முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு 3 முதல் 4 வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள். கடைசி ஊசி 16 வாரம் முடிந்த பிறகு விழ வேண்டும். அதற்கு முன்போட்ட ஊசியைத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி கெடுத்துவிடலாம் என்பதுதான் காரணம். வாந்தியும் பேதியுமாகக் குட்டிகளைக் கொண்டுபோகும் பான்லூக்கோபீனியா கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும். பக்கத்து வீட்டு மணல் குவியலே போதும். ரேபிஸ் ஊசி 12 வாரத்தில், அப்புறம் ஒரு வருடத்தில் மறு ஊசி. குடற்புழு மருந்து ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

கருத்தடை ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். பெட்டைக் குட்டி நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். நம் ஊரில் பகல் நீளம் பெரிதாகக் குறைவதில்லை என்பதால் வருடம் முழுக்கவே குட்டி போடும். கடுவனை விட்டுவைத்தால் அலைச்சலும் சண்டையும் அதிகமாகும். கடியில் பரவும் நோய்க்கும் வழி திறக்கும். ஐந்தாவது மாதத்தில் செய்துவிட்டு, 10 முதல் 14 நாள் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

தெள்ளுப்பூச்சிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து வாங்கும்போது அட்டையில் பூனைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கான மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அதில் ஒரு டோஸ் பட்டாலே பூனைக்கு வலிப்பு வரும், உயிரும் போகலாம். “கொஞ்சமாகத் தடவினால் பரவாயில்லை” என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

கூப்பிட்டால் வரவேண்டும்

எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். கூப்பிட்டால் வராத பூனையை விடக்கூடாது. நாள் முழுக்கத் தட்டில் சோறு கிடந்தால் அது எதற்கு அவசரப்பட்டு வரப்போகிறது? வேளைச் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள். நாலு முதல் ஆறு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை. 20 நிமிடத்தில் தின்றது போக மீதியை எடுத்துவிடுங்கள்.

சில்வர் தட்டில் ஸ்பூனால் மூன்று தட்டு, உடனே சாப்பாடு. ஒவ்வொரு வேளையும் இதே சத்தம், வேறு எதற்கும் இந்தச் சத்தம் கூடாது. முதல் வாரம் அதே அறையில் தட்டுங்கள். அடுத்த வாரம் பக்கத்து அறையிலிருந்தும் படிக்கட்டிலிருந்தும். தூங்குகிற குட்டி எழுந்து ஓடிவருகிறது என்றால் பழகிவிட்டது. நடுவில் ஸ்பெஷலாக எதையாவது கொடுங்கள். மேட்டூர் டேம் ஜிலேபி மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, சுண்டைக்காய் அளவு கொடுத்தால் போதும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

மருந்து கொடுக்கவோ குளிப்பாட்டவோ இந்தச் சத்தத்தை வைத்துக் கூப்பிட்டீர்கள் என்றால் இரண்டு வார உழைப்பும் போச்சு.

முதல் நாள்

மாலை 5 மணி நல்ல நேரம், சாப்பாடு 6 மணிக்கு. பசியோடு போகட்டும். ஏப்ரல், மே வெயிலில் மாடித் தளம் எவ்வளவு சுடும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புறங்கையைத் தளத்தில் 7 விநாடி வைக்க முடியவில்லை என்றால் பாதம் வெந்துபோகும். அந்த மாதங்களில் காலை 8 மணிக்கு முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு வாரம் ஹார்னஸும் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை) 3 மீட்டர் கயிறும் தேவை. ஹார்னஸை நாலைந்து நாள் முன்பே வீட்டுக்குள் மாட்டிப் பழக்குங்கள். முதலில் மாட்டியதும் குட்டி பக்கவாட்டில் சாய்ந்து பிணம்போல் விழும், பயப்படாதீர்கள். மீனைக் காட்டினால் எழுந்துவிடும். கயிற்றை எங்கேயும் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்தால் தொங்கிவிடும்.

கதவைத் திறந்து நீங்கள் முதலில் போய் உட்காருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. தூக்கிப்போய் விடப்பட்ட பூனைக்குத் திரும்பும் வழி தெரியாது, பயந்தால் கண்ட பக்கம் ஓடும். தானாக நடந்து வந்த பூனை கன்னத்தையும் பாதத்தையும் உரசி, வழியெல்லாம் தன் வாசனையைப் பூசிக்கொண்டே வரும். நிலைப்படியில் அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி, வால் தாழ்ந்து, காது இரண்டும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டு உள்ளே போனாலும் அன்றைய பாடம் முடிந்தது. வால் மேலே நிமிர்ந்தால்தான் தைரியம் வந்திருக்கிறது என்று பொருள். கதவு மட்டும் எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

10 நிமிடத்தில் ஆரம்பித்து நாளுக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அதே கதவு, அதே நேரம். ஒவ்வொரு தடவையும் தட்டுச் சத்தத்தோடுதான் முடிய வேண்டும். இரண்டாவது வாரம் கயிறு இல்லாமல், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் விடுங்கள். ஓடினால் துரத்தாதீர்கள், அங்கேயே உட்கார்ந்து தட்டைத் தட்டுங்கள். துரத்தினால் விளையாட்டு என்று நினைத்துக்கொள்ளும், அல்லது பயந்து அடுத்த மாடிக்குத் தாவும்.

கழுத்துப் பட்டை, இழுத்தால் தானே கழன்றுவிடும் வகையாக இருக்க வேண்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். வளரும் குட்டி, அதனால் வாரம் ஒருமுறை சரிபாருங்கள். போன் நம்பரைப் பட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

இருட்டுவதற்குள் பூனை வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும். தெரு வெறிச்சோடிய பிறகுதான் நாய்க் கூட்டம் சுற்றும், கடுவன்கள் சண்டைக்கு இறங்குவதும் அப்போதுதான். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவிலும் தீபாவளியிலும் வெடிச் சத்தம் ஓயும்வரை நாள் முழுக்கக் கதவைச் சாத்திவையுங்கள்.

மாடியைக் கூண்டாக்குவது

பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்கும் என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். காலில் நின்றாலும் தாடை தரையில் மோதிப் பிளக்கும், நெஞ்சிலும் அடிபடும். தும்பியைத் துரத்துகிற ஐந்து மாதக் குட்டிக்குச் சுவர் முடிந்தது தெரியாது. ஒரு அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் கம்பி வலையைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஆறடி உயரத்துக்கு நிறுத்துங்கள். மேல் ஒன்றரை அடியை உள்பக்கமாகச் சாய்த்துவிட்டால் ஏறி வந்த பூனை அதைத் தாண்ட முடியாது. புறாவுக்கு அடிக்கும் நைலான் வலை போதாது, கடித்து அறுத்துவிடும். படிக்கட்டுக் கதவின் அடி இடுக்கை மறக்காதீர்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்.

தரைத்தொட்டி, மேல்தொட்டி, கிணறு, மூன்றுக்கும் மூடி வேண்டும். வழுவழுப்பான சிமெண்ட் சுவரில் நகம் பிடிக்காது. மூலையில் ஒரு தொட்டி மணல் வையுங்கள். இல்லாவிட்டால் எதிர்வீட்டில் கட்டடம் கட்டக் கொட்டிய மணலுக்குத்தான் போகும், சண்டை உங்கள் வாசலுக்கு வரும்.

ஏற்காடு என்றால்

சேர்வராயன் மலையில் கணக்கே வேறு. அங்கே கீரி, காட்டுப் பூனை, பெரிய கழுகு, எஸ்டேட் நாய், குரங்கு எல்லாம் உண்டு. காபிச் செடிக்கடியில் சருகு மூடிக் கிடக்கும் இடத்தில் பாம்பு கண்ணில் படாது. அடிபட்டால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் சேலம் வர வேண்டியிருக்கும், ராத்திரியில், மூடுபனியில். ஹார்னஸ் அல்லது வலைக்கூண்டு, இரண்டில் ஒன்றோடு நிறுத்துவதே சரி. பூனைக்கு மட்டும் நல்லது என்று நினைக்காதீர்கள், தரையில் மேயும் பறவைகளுக்கும் அதுவே நல்லது.

காபிக்குத் துரு நோய் தடுக்க, மழைக்கு முன்னால் போர்டோ கலவை அடிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது. செடியில் உரசிய ரோமத்தைப் பூனை நக்கித்தான் சுத்தம் செய்யும். மருந்து அடிக்கும் நாளை மேஸ்திரியிடம் கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு நல்ல மழை பெய்யும்வரை தோட்டத்துக்குள் கூட்டிப்போகாதீர்கள். குளிர்கால இரவில் காரை எடுக்குமுன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். சூட்டுக்காக இஞ்சின் மேல் ஏறிப் படுக்கும்.

வீடு திரும்பாவிட்டால், அடிபட்டு வந்தால்

பழகாத பூனை காணாமல் போனால் பெரும்பாலும் மூன்று நாலு வீட்டுக்குள்தான் எங்காவது ஒடுங்கி இருக்கும், கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. இரவு 11 மணிக்குமேல், தெரு அடங்கிய பிறகு டார்ச்சோடு போங்கள். கண் மின்னுவது தெரியும். பூட்டிய குடோன், தறிக்கூடம், மாடிப்படி அறை, நிறுத்தி வைத்த வண்டிக்கு அடி எல்லாம் பாருங்கள். அது படுத்த துணியை வாசலில் வையுங்கள்.

காயத்தோடு வந்தால் உப்புத் தண்ணீரில், ஒரு கிளாஸுக்கு அரை டீஸ்பூன் அளவில், கழுவுங்கள். டெட்டால், பினாயில் இரண்டுமே பூனைக்கு விஷம். கடி வாய் மூடிக்கொண்டு இரண்டு முதல் நாலு நாளில் சீழ் வைக்கும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், ஒரு மாத்திரையிலேயே உயிர் போகலாம். திடீரென்று எச்சில் வடிந்தாலோ, பின்னங்கால் இழுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, விஷமாகவோ பாம்புக் கடியாகவோ இருக்கலாம். கட்டுப் போடுவது, கீறுவது, பால் ஊற்றுவது எதுவும் வேண்டாம். பூனையைத் தூக்கிச் செல்லும் கூடையில் வைத்து டாக்டரிடம் ஓடுங்கள். எலிமருந்து என்று சந்தேகம் இருந்தால் அட்டையையும் எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சை தீர்மானமாகும்.

அந்தக் களேபரத்தில் பூனை உங்களைக் கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போய்விடுங்கள்.