மின்தடைக்குப் பிறகு படத்திருத்த மென்பொருள் திறக்கவில்லையா?

மின்சாரம் சட்டென்று போய் வந்த பிறகு மென்பொருள் திறக்க மறுத்தால், பலரும் உடனே அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவப் போகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். மென்பொருளின் சொந்தக் கோப்புகள் ஓடும்போது பெரும்பாலும் வாசிக்கப்பட மட்டுமே செய்கின்றன. அவை சிதைவது அபூர்வம். மின்சாரம் போன நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அமைப்புக் கோப்பும் (உங்கள் விருப்பத் தேர்வுகள் இருப்பது) கேட்டலாக் கோப்பும்தான் (படங்களின் பட்டியலும் திருத்தங்களும் இருக்கும் தரவுத்தளம்) அடிவாங்குகின்றன. மறுநிறுவல் பெரும்பாலும் இவற்றைத் தொடுவதே இல்லை.

முதல் வேலை, நகல் எடுப்பது. மென்பொருளைத் திறக்கும் முன்பே கேட்டலாக் இருக்கும் ஃபோல்டரையும் அமைப்பு ஃபோல்டரையும் முழுதாக வேறொரு டிஸ்கில் வையுங்கள். டிஸ்க் பிழைச் சோதனையும் இதற்குப் பிறகுதான். அந்தச் சோதனை சிதைந்த கோப்பை வெட்டி ஒட்டிவிடக்கூடும்.

போட்டோஷாப் என்றால், அது தானாகச் சேமிக்கும் பிரதிகள் இருக்கும் ஆட்டோரெக்கவர் ஃபோல்டரையும் நகலில் சேர்த்துவிட்டு மென்பொருளைத் திறங்கள். மீட்ட படம் தானாகவே வந்து நிற்கும். வந்ததும் வேறு பெயரில் சேமியுங்கள். சேமிக்காமல் மூடினால் அந்த மீட்புப் பிரதி போய்விடும். டெம்ப் ஃபோல்டரில் கிடக்கும் பெரிய தற்காலிகக் கோப்புகளைத் திறக்கப் போராட வேண்டாம். அவை படமாகத் திறக்காது. தானியங்கிச் சேமிப்பு இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும். அதை 5 ஆக்கிவிடுங்கள்.

இனி, அதிகம் பேர் தடுக்கி விழும் இடம். லைட்ரூம் கிளாசிக், டார்க்டேபிள் ஆகிய இரண்டு படத்திருத்த மென்பொருள்களும் திருத்தங்களை எஸ்கியூலைட் (SQLite) என்ற வகைத் தரவுத்தளத்தில் வைக்கின்றன. மின்தடைக்குப் பின் ‘வேறொரு நிரல் இதைத் திறந்து வைத்திருக்கிறது’ என்ற பொருளில் செய்தி வரும். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால், கேட்டலாக்கின் பெயரோடு ‘லாக்’ (lock) என்று முடியும் சிறு கோப்பு ஒன்று இருக்கும். மென்பொருள் முறையாக மூடப்படாததால் தங்கிவிட்ட பூட்டு அது. டாஸ்க் மேனேஜரில் மென்பொருள் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அதை நீக்கலாம்.

ஆனால் அதன் பக்கத்திலேயே ‘ஜர்னல்’ (journal) அல்லது ‘டபிள்யூஏஎல்’ (wal) என்று முடியும் கோப்பும் இருக்கலாம். அதில் கை வைக்காதீர்கள். பாதியில் அறுந்த மாற்றத்தைப் பின்வாங்கவோ முடித்துவைக்கவோ தேவையான தரவு அதில்தான் இருக்கிறது. அடுத்த முறை திறக்கும்போது தரவுத்தளம் அதைப் படித்துத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். ‘லாக்கோடு இதையும் அழித்துவிடு’ என்று சொல்லும் குறிப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. நன்றாக இருக்க வேண்டிய கேட்டலாக் அந்த ஒரு டெலீட்டில் சிதைந்துவிடும்.

கேட்டலாக் நலமாக இருந்தும் மென்பொருள் எழவில்லை என்றால் அமைப்புக் கோப்பைச் சந்தேகியுங்கள். போட்டோஷாப்பைத் தொடங்கியவுடன் கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால், அமைப்புகளை நீக்கலாமா என்று கேட்கும். கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருளில் அமைப்பு ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டால் போதும், புதிதாக ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும். இங்கே ஒரு தெளிவு தேவை. கிம்ப் 2.10-இல் வந்த படமீட்பு வசதி, மென்பொருள் முறிந்து விழும்போது உதவுவது. மின்சாரம் போனால் அதற்கு எழுத நேரமே கிடைக்காது. தானியங்கிச் சேமிப்பும் அதில் இல்லை. அடிக்கடி கன்ட்ரோல் எஸ் அழுத்துவதுதான் வழி.

என் விருப்பம் டார்க்டேபிள். திருத்தங்களைத் தரவுத்தளத்தில் மட்டுமல்லாமல், ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எக்ஸ்எம்பி (XMP) என்ற சிறு துணைக் கோப்பாக எழுதிவைக்கிறது. தரவுத்தளமே போனாலும் படங்களை மென்பொருளில் மறுபடி சேர்த்தால் திருத்தங்கள் கூடவே வரும். லைட்ரூம் கிளாசிக்கிலும் கேட்டலாக் அமைப்புகளில் இதை இயக்கலாம். ஆனால் கலெக்‌ஷன்களும் (நீங்கள் தொகுத்த படக் குழுக்கள்) விர்ச்சுவல் காப்பிகளும் (ஒரே படத்தின் வேறு திருத்த வடிவங்கள்) எக்ஸ்எம்பியில் ஏறா.

பின்சேர்க்கை: விண்டோஸில் அமைப்பு ஃபோல்டரும் ஆட்டோரெக்கவர் ஃபோல்டரும் இருக்கும் ஆப்டேட்டா (AppData) ஃபோல்டரே கண்ணில் படவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். விண்டோஸ் அதை மறைத்து வைக்கிறது. எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று: பழைய பேக்கப் கேட்டலாக்கை மீட்டு வைப்பவர்கள் அதைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். சிதைந்த கேட்டலாக்கின் ஜர்னல் கோப்பு அதே பெயரில் பக்கத்தில் கிடந்தால், தனக்குச் சம்பந்தமில்லாத அந்தக் குறிப்பைப் படித்து நல்ல பேக்கப்பும் கெட்டுப்போகும்.