பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல் வெர்னைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது எப்படி? சேலம் வாசகர் வட்டத்துக்கு ஒரு குறிப்பு

பிறப்பு 1828, நாந்த். இறப்பு 1905, அமியான். இதற்கு அரை நிமிடம் போதும். சட்டம் படித்துவிட்டு, பங்குச்சந்தையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் என்பதை விட்டுவிடாதீர்கள். 1863-ல் பதிப்பாளர் எட்ஸெல் கொண்டுவந்த பலூன் நாவல்தான் திருப்புமுனை; இங்கே மூன்று நிமிடம் நிற்கலாம்.

பலரும் சறுக்குவது 'கடலடியில் இருபதாயிரம் லீக்' என்ற அவர் நாவலின் தலைப்பில்தான். அது ஆழமல்ல, நீர்மூழ்கி ஓடிய தூரம். ஒரு லீக் 4 கிலோமீட்டர், ஆக 80,000. ஆழமென்றால் பூமியை ஆறு முறை துளைத்திருக்க வேண்டும்! கரும்பலகையில் கணக்கைப் போட்டே காட்டுங்கள்: சேலம்–ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், போய்வர 60. அப்படி 1,300 தடவைக்கு மேல். (கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தாலே தலை சுற்றும்.)

1886-ல் தம்பி மகன் அவரைக் காலில் சுட்டதைக் கடைசி நிமிடத்துக்கு வையுங்கள். முதலில் சொன்னால் கேள்வியெல்லாம் அதைப் பற்றியே வரும்.