திபியாவா, பிபுலாவா? ஒரு சேப்டி பின் போதும்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற என் மருமகளுக்குக் கணைக்காலின் இரண்டு எலும்பும், அதாவது திபியாவும் பிபுலாவும், எப்போதும் இடம் மாறிவிடும். போன ஞாயிறு திருகோணமலை டச்பே கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய துப்பட்டாவில் இருந்த சேப்டி பின்னைக் கழற்றித் திறந்து காட்டினேன்.

'பிபுலா' என்றால் லத்தீனில் ஊக்கு. ரோமர்கள் மேலாடையைத் தோளில் குத்திக்கொண்ட ஊக்குக்கும் அதே பெயர்தான். பின்னில் தடித்த கம்பி திபியா, பக்கத்தில் ஒட்டி நிற்கும் மெல்லிய ஊசி பிபுலா. காலிலும் அப்படியே: மெல்லியது வெளிப்பக்கம்.

தொட்டுப் பார்த்தால் மறக்காது. கணுக்காலின் வெளிப்புறம் புடைத்திருக்கிறதே, அது பிபுலாவின் கீழ்முனை. உட்புறப் புடைப்பு திபியாவினுடையது. கட்டில் காலில் இடித்து உயிர் போகும் முன்பக்க எலும்பும் திபியாதான். அதன் மேல் சதை இல்லை, வெறும் தோல்தான். வலிக்காமல் என்ன செய்யும்?

'திபியா'வுக்கு லத்தீனில் குழல் என்றும் பொருள். எலும்பிலும் குழல் செய்தார்கள். புல்லாங்குழல் என்று மொழிபெயர்ப்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அது சீவாளி மாதிரி நாக்கு வைத்து ஊதுகிற வாத்தியம். கோணேசர் கோயிலில் கேட்கிற நாதஸ்வரம்தான் அதற்குக் கிட்டத்துச் சொந்தம்.

"அப்போ என் காலில் நாதஸ்வரமும் சேப்டி பின்னுமா மாமா?" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு மாறவில்லை.