சைனாடவுன் லாந்தர் விளக்குகளைப் படமெடுப்பது எப்படி? முயல் முயலாகவே தெரிய ஒரு செய்முறை

முதல் தடவை சிங்கப்பூர் சைனாடவுனின் திருவிழா ஒளியூட்டைப் படமெடுத்து ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். "என்னடா, ட்யூப் லைட்டைப் போய்ப் படம் புடிச்சிருக்க?" என்று பதில் வந்தது. நான் எடுத்தது ஒரு முயல். சாலையின் நடுத்திட்டில் ஆளுயரத்துக்கு மேல் நின்ற, காதுக்குள் ரோஸ் வண்ணம் தீட்டிய முயல். படத்திலோ கறுப்பு வானத்தின் நடுவே ஒரு வெள்ளைத் திட்டுதான் இருந்தது. காதும் இல்லை, மீசையும் இல்லை.

தப்பு முயல் மேல் இல்லை. ஒரு பூவையோ முகத்தையோ எடுக்கும்போது அதன் மேல் விழும் வெளிச்சத்தைத்தான் எடுக்கிறோம். லாந்தர் அப்படியல்ல, அதுவே விளக்கு. சுற்றிலும் இருட்டு நிறைய இருப்பதால் கேமரா "இடம் ரொம்ப இருட்டாக இருக்கிறது" என்று முடிவு கட்டிப் படம் முழுவதையும் வெளுக்க வைக்கிறது. இருட்டு சாம்பலாகிறது, விளக்கு வெந்துபோகிறது. கீழே சொல்லப்போகும் அத்தனையும் இந்த ஒரு தொல்லையைச் சமாளிக்கும் வழிகள்தான். கைபேசி போதும். நல்ல கேமரா இருந்தால் இன்னும் வசதி.

1. நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

சீனர்களின் நடு இலையுதிர்காலத் திருவிழா, அவர்களுடைய சந்திர நாள்காட்டியில் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள், அதாவது பௌர்ணமியை ஒட்டி வரும். 2025-இல் அக்டோபர் 6. 2026-இல் செப்டம்பர் 25. சைனாடவுனில் விழாவுக்குப் பல நாட்களுக்கு முன்பே விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். ஆகவே விழா நாளன்றே போகவேண்டும் என்பதில்லை. அன்றைக்கு மூன்கேக் எனும் விழாப் பலகாரம் வாங்க வந்த கூட்டத்தில் கையைத் தூக்கவே இடம் இருக்காது. வார நடுவில் ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள்.

நாளைவிட முக்கியம் நேரம். எல்லோரும் சாப்பிட்டு முடித்து ஒன்பது மணிக்கு வருவார்கள். நானும் அப்படித்தான் போனேன். அதற்குள் வானம் தார் பூசியதுபோல் ஆகிவிடுகிறது. விளக்குக்கும் வானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கேமராவும் தாங்காது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் அந்திப்பொழுது நீளாது. மறைந்து பத்து நிமிடத்திலிருந்து இருபத்தைந்து நிமிடம் வரைதான் வானம் அடர்நீலமாக இருக்கும். அந்தக் கால் மணி நேரத்தில் விளக்கும் வானமும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசத்துக்கு வந்து நிற்கும். சிவப்பு விளக்குக்குப் பின்னால் நீல வானம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆறரைக்கே போய் இடம் பிடித்துவிடுங்கள். விளக்கு எரியும் முன்பு தெருவைச் சும்மா ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பதும் லாபம்தான்.

2. படமெடுக்கும் முன் விளக்கை நன்றாகப் பாருங்கள்

இதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதிகம் உதவியது இதுதான். இப்படிப்பட்ட பெரிய விளக்குருவங்களுக்குப் பேர்போன ஊர் சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் உள்ள ஸிகோங். கம்பியை வளைத்துப் பற்றவைத்து எலும்புக்கூடு செய்வார்கள். அதன் மேல் பட்டுத்துணியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவார்கள். அப்புறம் வண்ணம் தெளித்து நிழல் போடுவார்கள். உள்ளே எல்இடி விளக்குகள். நம்மூர் மண்ணெண்ணெய் லாந்தரை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். இது கிட்டத்தட்ட சிற்பம்.

கிட்டப்போய்ப் பார்த்தால் கம்பியின் கோடு, துணி சேரும் ஓரம், தூரிகை ஓடிய தடம் எல்லாம் தெரியும். உங்கள் படத்தில் அந்தக் கோடுகள் தெரிந்தால் வெளிச்ச அளவு சரி. தெரியாமல் வழவழவென்று வெள்ளையாக இருந்தால் அதிகம். இதைவிட எளிய அளவுகோல் கிடையாது.

3. கைபேசியில் எடுப்பவர்களுக்கு

முதலில் லென்ஸைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள். விரல்பட்ட எண்ணெய்ப்பசை இருந்தால் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒளிக்கீற்று நீளமாக இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்து, திரையில் விளக்கின் மிகப் பிரகாசமான இடத்தில் விரலை வைத்து இரண்டு நொடி அழுத்திப் பிடியுங்கள். குவியமும் (ஃபோகஸ்) வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் அடையாளம் வரும். அதைக் கீழே இழுங்கள். துணியின் ஓரங்கள் தெரியும்வரை இழுங்கள். திரையில் சுற்றுப்புறம் இருண்டுபோவதைப் பார்த்துப் பயம் வரும். பரவாயில்லை, இரவு இருட்டாகத்தான் இருக்கும்.

இரவுப் பயன்முறை என்று ஒன்று தானாகவே முளைக்கும். தெருக்காட்சிக்கு அது நல்லது. தனி விளக்கை எடுக்கும்போது அணைத்துவிடுங்கள், அது நிழலையெல்லாம் தூக்கிவிட்டு ராத்திரியைச் சாயங்காலமாக்கிவிடுகிறது. விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள். டெலி லென்ஸ் (தூரத்தை நெருக்கிக் காட்டும் லென்ஸ்) உள்ள கைபேசி என்றால் 2 மடங்கு, 3 மடங்கு என்று இருக்கும் பொத்தானைத் தொடுங்கள், இல்லையென்றால் நடந்து கிட்டப் போங்கள். படத்தில் பச்சை நிறத்தில் சின்னப் புள்ளிகள் மிதந்தால் அவை லென்ஸுக்குள் எழும் எதிரொளிப்புகள். கைபேசியை லேசாகச் சாய்த்தால் நகர்ந்துவிடும்.

4. கேமரா வைத்திருப்பவர்களுக்கு

தொடக்கமாக இப்படி வையுங்கள்: மேனுவல் முறை (அளவுகளை நாமே வைப்பது), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 4, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/100 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 800. ஒரு படம் எடுத்துப் பாருங்கள். விளக்கு வெளுத்திருந்தால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். மங்கலாக இருந்தால் கூட்டுங்கள். மேனுவல் பயமாக இருந்தால் அப்பர்ச்சர் முன்னுரிமையில் வைத்து, எக்ஸ்போஷர் ஈடுகட்டலை ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தைப் பாதியாக்கும் ஒரு படி) கீழே இறக்கினாலும் போதும்.

ரா ஃபைலாக (கேமரா பதிந்ததை நசுக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ், படத்தின் நிறச்சூட்டைச் சரிசெய்யும் அளவு) தானியங்கியில் விடாமல் 3500-லிருந்து 4000 கெல்வினுக்குள் ஒன்றைப் பிடித்து நிறுத்துங்கள். தானியங்கி விட்டால் மஞ்சள் விளக்கின் சூட்டைத் தணிக்கிறேன் என்று அதன் அழகையே எடுத்துவிடும்.

ஃபிளாஷ் வேண்டாம். உள்ளிருந்து ஒளிரும் துணியின் மேல் வெளியிலிருந்து வெள்ளை ஒளி அடித்தால் அது விளக்காக இருக்காது, கடையில் தொங்கும் துணியாகிவிடும்.

லென்ஸ் முன்னால் பாதுகாப்புக்கு என்று மாட்டியிருக்கும் கண்ணாடி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். விளக்குகளின் பேய்ப் பிம்பங்கள் பல அதில்தான் பிறக்கின்றன.

5. சிவப்பு ஏமாற்றும்

சீன விழாவில் சிவப்பு இல்லாத மூலை கிடையாது. அதுதான் கேமராவுக்குப் பெரிய சோதனை. மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம் (ஹிஸ்டோகிராம்) சரியாக இருப்பதாகச் சொல்லும். ஆனால் சிவப்பு வண்ணம் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் விளக்கின் மடிப்புகள் காணாமல் போய், குங்குமத்தை அப்பியதுபோல் ஒரே பூச்சாகக் கிடக்கும். கேமராவில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடம் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு வலது சுவரில் முட்டி நின்றால் இன்னும் முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறையுங்கள். கைபேசியில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை; சிவப்பு விளக்கு என்றால் சூரியன் அடையாளத்தைக் கூடுதலாக ஒரு இழுப்பு இழுத்துவிடுவது என் வழக்கம்.

6. குறுக்கே கோடுகள் விழுந்தால்

படத்தில் கறுப்புப் பட்டைகள் வரிவரியாக விழுகின்றனவா? கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள் (நான் ஓடினேன்). சிங்கப்பூர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 1/500 போன்ற வேகமான ஷட்டர் அந்தத் துடிப்பைப் பிடித்துவிடும். 1/100, 1/50, 1/25 என்று வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் முழுத் துடிப்புகள் கிடைத்துப் பட்டை மறையும். ஓசையில்லாத மின்னணு ஷட்டர் போட்டிருந்தால் மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள்.

சில உருவங்கள் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். முழுச் சுற்று ஒன்றைப் பொறுமையாகப் பார்த்து, எந்த நிறம் பிடிக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, அடுத்த சுற்றில் எடுங்கள்.

7. எங்கே நிற்பது

எல்லோரும் போகும் இடம், மக்கள் பூங்கா வளாகத்துக்குப் பக்கத்தில் இயூ டோங் சென் தெருவையும் நியூ பிரிட்ஜ் சாலையையும் சேர்த்துக் கடக்கும் பாதசாரி மேம்பாலம். கூட்டமாக இருந்தாலும் போகத்தான் வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடும் ஒருவழிச் சாலைகள். நடுவில் விளக்கு வரிசை. ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்தால் ஒரு பக்கம் முகவிளக்குகள் வெள்ளைக் கோடாகவும், மறுபக்கம் பின்விளக்குகள் சிவப்புக் கோடாகவும் ஓடும். நான்கிலிருந்து எட்டு நொடி, ஐஎஸ்ஓ 100, எஃப் 11 என்று ஆரம்பியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பாலம் ஆடும். ஒருவர் வேகமாக நடந்தாலே முக்காலி நடுங்கும். என் முதல் இருபது படங்கள் ஏன் கலங்கலாக வந்தன என்று புரிய அரை மணி நேரம் ஆனது. ஆட்கள் கடந்துபோனதும், பத்து நொடி ஓய்வு கிடைக்கும்போது அழுத்துங்கள். விரலால் அல்ல, இரண்டு நொடி டைமரில். முக்காலியின் கால்களை நடைபாதையில் பரப்பி வைக்கவும் கூடாது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர் எங்கே போவார்?

டெலி லென்ஸ் இருந்தால் தெருவின் கோடிக்குப் போய் நின்று, 100 மி.மீ. வாக்கில் எடுத்துப் பாருங்கள். தள்ளித்தள்ளித் தொங்கும் விளக்குகள் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கியதுபோல் நெருங்கிவிடும். அகல லென்ஸில் எடுத்தால் அதே தெரு காலியாகத் தெரியும்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. சவுத் பிரிட்ஜ் சாலையில், 1827-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோவில் இருக்கிறது. பக்கவாட்டில் போகும் பகோடா தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே நம் கோபுரத்தைப் பார்த்துத்தான். ஒளியூட்டு இந்தச் சாலைக்கும் நீளும் ஆண்டுகளில், எதிர்ப்புற நடைபாதையில் நின்று, முன்னால் தொங்கும் லாந்தர்களைச் சட்டத்தின் மேல்பகுதியில் வைத்துக் கோபுரத்தைப் பின்னால் கொண்டுவாருங்கள். குவியம் விளக்கில் இருக்கட்டும். எஃப் 8 வைத்தால் கோபுரத்துப் பொம்மைகளும் ஓரளவு தெளியும். சாலை நடுவுக்கு மட்டும் இறங்காதீர்கள். பாதசாரிகளுக்கான பச்சை மனிதன் விளக்கு எரியும் பத்து நொடியில் நட்ட நடுவில் நின்று எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பேருந்து ஓட்டுநரின் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

மழை வந்தால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். நின்ற பிறகு தேங்கும் தண்ணீர் அன்றைய பரிசு. கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தரையைத் தொடும் அளவுக்குக் கொண்டுபோனால் ஒரு கை அகலக் குட்டையிலேயே முழு டிராகனும் தெரியும்.

8. லாந்தர் பிடித்த குழந்தை

பெரிய விளக்குகளை ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்கள். செலோஃபேன் தாள் ஒட்டிய மீன் விளக்கையோ, காகித விளக்கையோ ஏந்தி நடக்கும் குழந்தையின் படம் உங்களுக்கு மட்டும் கிடைக்கும். பெற்றோரிடம் முதலில் கேளுங்கள். கேமராவைக் காட்டி ஒரு புன்னகை போதும், பெரும்பாலும் தலையாட்டுவார்கள். விளக்கு நெஞ்சுயரத்தில், முகத்துக்கு ஒரு முழம் முன்னால் இருந்தால் முகத்தில் ஒளி மெத்தென்று விழும். இடுப்புக்குக் கீழே தொங்கினால் பேய்ப்படம் ஆகிவிடும். இங்கே மட்டும் வெளிச்சத்தை முகத்துக்குப் பாருங்கள், விளக்கு கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். குழந்தை நிற்காது என்பதால் ஷட்டர் 1/100-க்குக் கீழே வேண்டாம். ஐஎஸ்ஓ 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். உள்ளே மெய்யான மெழுகுவத்தி எரிந்தால் அதை ஆட்டச் சொல்லி எடுக்காதீர்கள். காகிதம் பற்ற ஒரு நொடி போதும்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

திருத்தத்துக்குக் கைபேசியில் ஸ்னாப்சீட் செயலி போதும். ஹைலைட்ஸை (மிகப் பிரகாசமான பகுதிகள்) குறையுங்கள், துணியின் விவரம் மேலே வரும். நிழலைத் தூக்காதீர்கள், இருட்டில் இருப்பது மின்கம்பமும் குப்பைத்தொட்டியும்தான். நிறச்செறிவைக் கூட்டக் கை துறுதுறுக்கும். சிவப்பு ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது, வேண்டுமானால் அதைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், மடிப்புகள் திரும்பி வரும்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தை நசுக்கி, சிவப்பைக் கட்டம் கட்டமாக்கிவிடும். எச்டி தெரிவு செய்யுங்கள், அல்லது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். போன வருடம் அப்படித்தான் அம்மாவுக்கு ஒரு முயலை அனுப்பினேன். "காதுக்குள்ள ரோஸ் கலரா அடிச்சிருக்காங்க?" என்று கேட்டார்.